கோட்டம் எடுப்பதா, ரிம் மாற்றுவதா? சக்கரத்தின் மீது நமக்குள்ள உரிமையின் கதை

நம் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரித் தம்பி ஒருவர் அன்று பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். முன்சக்கரத்தின் ரிம் ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. நான்கு போக்ஸ் கம்பிகள் அறுந்து தொங்கின. "பள்ளத்துல விட்டுட்டேன்" என்றார். டீ குடித்து முடித்த பிறகுதான் உண்மையைச் சொன்னார். புதுச்சேரி நகரத்துக்கு வெளியே, தன் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், ஊர்த் தெரு வழியாக வண்டியில் வந்ததற்காக மறித்திருக்கிறார்கள். வண்டியைப் போட்டுவிட்டு ஓடித் தப்பியிருக்கிறார். இருட்டிய பிறகு போய்ப் பார்த்தால் வண்டி தெருவோரம் சாய்ந்து கிடந்தது. சக்கரத்தின் மேல் ஒரு பெரிய கல்.

நகரத்தில் நமக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "பள்ளத்துல வுட்ட ரிம்மு இது இல்ல தம்பி. யாரு போட்டா?" என்று கேட்டார். நாங்கள் யாரும் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"கோட்டம் எடுக்கணுமா, ரிம் மாத்தணுமா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. எங்களோடு வந்திருந்த வழக்கறிஞர் தோழர், "அண்ணே, இன்னைக்கு எதையும் கழட்டாதீங்க" என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. வளைந்த ஒரு ரிம்முக்குப் பின்னால் நூற்றுமுப்பது வருடத்துக் கதை இருக்கிறது. இளைய தோழர்கள் அதை அறிந்திருக்க வேண்டும்.

சக்கரம் எப்படி நிற்கிறது?

முதலில் பட்டறையிலிருந்து தொடங்குவோம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், சுற்றி வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டா. வண்டியின் பாரம் கீழே இருக்கும் ஆரக்காலின் மேல் தூண் போல இறங்கும். சைக்கிள், பைக் சக்கரம் இதற்கு நேர்மாறானது. மெல்லிய கம்பியின் மேல் பாரத்தை நிறுத்தினால் கம்பி வளைந்துவிடும். ஆகவே எல்லாக் கம்பிகளையும் முறுக்கி இழுத்து வைத்திருக்கிறார்கள். ஹப்பை எல்லாத் திசையிலிருந்தும் கம்பிகள் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் சக்கரம் நிற்கிறது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் கம்பிகளைக் குறுக்காகப் பின்னும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் நம் தெருவில் ஓடும் சக்கரங்களில் இருப்பது அந்தப் பின்னல்தான். சாதாரண பைக்கில் பெரும்பாலும் 36 கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஒரு நிப்பிள். அதைத் திருகினால் கம்பி இறுகும், எதிர்ப்பக்கம் திருகினால் தளரும்.

கோட்டம் எடுப்பது என்றால் இந்த இழுவையைச் சரிசெய்வது. சக்கரத்தை அச்சில் மாட்டி, ஃபோர்க்கில் ஒரு ஆணியையோ சாக்பீஸையோ நிறுத்தி, மெல்லச் சுற்றுவார்கள். எங்கே உரசுகிறதோ அங்கே ரிம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. வலப்பக்கம் சாய்ந்திருந்தால் அந்த இடத்தில் இடப்பக்கக் கம்பிகளை இறுக்கி, வலப்பக்கக் கம்பிகளை அதே அளவு தளர்த்த வேண்டும். ஒரே மூச்சில் திருகக் கூடாது. கால் சுற்று, அரைச் சுற்று, மறுபடி சுற்றிப் பார்ப்பது. மேலும் கீழுமாகத் துள்ளினால், துள்ளுகிற இடத்தில் இரு பக்கக் கம்பிகளையும் சேர்த்து இறுக்குவார்கள். பல கம்பெனிகளின் கையேடுகள் 2 மில்லிமீட்டர் ஆட்டம் வரைதான் அனுமதிக்கின்றன.

எல்லாக் கோணலும் கம்பியால் தீராது. இரும்பு ரிம்மில் சின்ன நெளிவு என்றால் டயரைக் கழற்றி மரச்சுத்தியால் தட்டி எடுக்கலாம். மடிப்பு விழுந்துவிட்டாலோ, நிப்பிள் துளையில் விரிசல் கண்டாலோ மாற்றத்தான் வேண்டும். நிமிர்த்தினாலும் அந்த இடத்தில் உலோகம் பலமிழந்திருக்கும். அலாய் வீல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சூடுகாட்டி அழுத்தி நிமிர்த்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே இருக்கலாம். வெடிப்பு தெரிந்தால் வெல்டிங்கை நம்பி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகக் கூடாது.

அந்த மெக்கானிக் அண்ணன் எப்படிக் கண்டுபிடித்தார் என்று பிறகு கேட்டோம். பள்ளத்தில் விழுந்தால் அடி டயர் வழியாக, கீழிருந்து மேலாக வரும். ரிம்மின் ஓரம் ஓர் இடத்தில் தட்டையாகும். ட்யூப் பெரும்பாலும் ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவே நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு விழும். இந்தச் சக்கரத்தில் ட்யூப் நன்றாக இருந்தது. ரிம் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. அடி பட்ட பக்கத்தில் குரோம் உரிந்து கல் தேய்ந்த தடம். கம்பிகள் நடுவில் வளைந்து, பிறகு அறுந்திருந்தன. ஓடிக்கொண்டிருந்த சக்கரத்துக்கு இப்படி அடி படாது, படுத்துக் கிடந்த சக்கரத்தின் மேல் எதையோ போட்டால்தான் படும். காவல் நிலையத்தில் "பையன் வேகமா போயி பள்ளத்துல வுட்டிருப்பான்" என்று யாராவது சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். அதற்கான மறுப்பு அந்த ரிம்மிலேயே எழுதப்பட்டிருந்தது.

வண்டி ஏறியவர்கள்

தெருவில் நடப்பதற்கே தடை இருந்த நாட்டில், வண்டியில் ஏறிப் போவது நேரடிச் சவால். 1893இல் திருவனந்தபுரம் அருகே வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு காளைகளைப் பூட்டி, மணி கட்டி, தங்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்த பொதுச் சாலையில் ஓட்டிப் போனார். புலையர் சமூகத்தில் பிறந்த ஒருவர் சொந்த வண்டியில் உட்கார்ந்து வருவதைச் சாதி இந்துக்களால் பொறுக்க முடியவில்லை. தாக்க வந்தார்கள், அவர் நின்று எதிர்கொண்டார். நம் வரலாற்றில் சக்கரம் முதன்முதலாகப் போராட்டக் கருவியானது அங்கேதான் என்றுகூடச் சொல்லலாம்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் சக்கரம் இரண்டு முறை வருகிறது. 1901இல், சிறுவனாக, சாத்தாராவிலிருந்து அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் உறவுப் பையன்களோடும் புறப்பட்டார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகள் மகர்கள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருவர் ஒப்புக்கொண்டார். நிபந்தனை என்ன தெரியுமா? வண்டியைப் பையன்களே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார். தீட்டு வண்டிக்கு இல்லை, வாடகைக்கும் இல்லை. அவர்களுக்கு வண்டி ஓட்டுவதில்தான் தீட்டு.

இரண்டாவது 1929. இப்போது அவர் வெளிநாட்டுப் பட்டங்கள் பெற்ற பாரிஸ்டர். தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவில் அவரை வரவேற்ற மக்கள் டோங்கா பிடிக்கப் போனார்கள். ஒரு டோங்காக்காரரும் அவரை ஓட்டிப் போகச் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குத் தரச் சம்மதித்தார்கள். மகர்வாடாவிலிருந்த ஒருவர், வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவர், தானே கடிவாளத்தைப் பிடித்தார். ஆற்றுக்கு மேலிருந்த சிறுபாலத்தில் சக்கரம் கல்லில் சிக்கியது. அம்பேத்கர் கல்தரையில் தூக்கியெறியப்பட்டார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அவருடைய கால் முறிந்தது. சக்கரம் கல்லில் சிக்கியதால் வந்த விபத்து என்று யாரும் எழுதிவிடலாம். அந்த வண்டியில் அந்த ஓட்டுநர் ஏன் உட்கார நேர்ந்தது என்று கேட்டால்தான் அது வரலாறு ஆகும்.

இதற்கு நடுவே 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எல்லாம் ஒடுக்கப்பட்டோருக்கும் திறந்தவை என்பது அதன் உள்ளடக்கம். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் ஆனது. தெரு எல்லோருக்கும் என்று அரசு சொல்லி நூறு வருடம் தாண்டிவிட்டது.

சமத்துவம் பேசிய நகரம்

அந்த அரசாணை எட்டாத இடம் புதுச்சேரி. இங்கே ஆண்டது பிரெஞ்சுக் குடியரசு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அரசுக் கட்டடத்தில் எழுதிவைத்த ஆட்சி. நகரத்தின் நடுவே பெரிய வாய்க்கால். கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். ஒரு கோடு பிரெஞ்சுக்காரர் போட்டது. சேரிக்கும் ஊருக்கும் நடுவே இருந்த கோடு அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தது. அதை அவர்கள் பெரும்பாலும் தொடவில்லை.

தொட நேர்ந்த தருணம் ஒன்றை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காணலாம். 1745 அக்டோபரில், தேவாலயத்துக்குள் ஒடுக்கப்பட்ட கிறித்தவர்களைத் தனியாக உட்காரவைக்க எழுப்பியிருந்த தடுப்புச் சுவரைப் பற்றி அவர் எழுதுகிறார். அந்த மக்கள் திரண்டு குருவிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே என்ற நியாயத்தைக் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 வருடம் முன்பே புதுச்சேரிச் சேரி மக்கள் சமத்துவம் கேட்டிருக்கிறார்கள். நமக்குச் சமத்துவத்தைப் பிரெஞ்சுக்காரர்தான் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்கிறவர்களுக்கு இந்தத் தேதியை நினைவூட்டுங்கள்.

1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார். அனுமதி மறுக்கப்பட்டது. பாரிஸ் உயர்மன்றம் வரை போய் வென்றார். அவர் வெள்ளாளர், அவருக்கே காலணிக்கு இந்தப் பாடு. 1881 செப்டம்பர் 21 அன்று வந்த ஆணை, சாதி-மத வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வருவதற்கு வழி திறந்தது. பொன்னுத்தம்பி 'லாபோர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்த வழியைப் பயன்படுத்தியவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் நிறையப் பேர். பலர் படையிலும் அரசுப் பணியிலும் சேர்ந்து இந்தோசீனா வரை போனார்கள். பெயர் மாறியது, சட்டம் மாறியது. சொந்தக் கிராமத்துக்குத் திரும்பினால் தெரு மாறியிருக்கவில்லை.

அந்தக் காலத்துப் புதுச்சேரி அஞ்சலட்டைகளில் 'புஸ்-புஸ்' வண்டியைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை உடையில் ஒருவர் உட்கார்ந்து, முன்சக்கரத்தைத் திருப்பும் தண்டைப் பிடித்திருப்பார். பின்னால் வெறுங்காலோடு ஆட்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். எந்தத் திசையில் போவது என்று முடிவு செய்கிறவர் ஒருவர், வியர்வை சிந்துகிறவர் இன்னொருவர். இதைவிடத் தெளிவான படம் சமூக அறிவியல் பாடநூலில் கிடைக்காது.

சக்கரத்தின் மேல் ஏறிய ரப்பருக்கும் நம்மோடு உறவு உண்டு. டன்லப் 1888இல் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகு, உலகத்துக்கு ரப்பர் தேவைப்பட்டது. மலாயாவின் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பங்கு தமிழர். அவர்களில் கணிசமானவர்கள் சேரிகளிலிருந்து கப்பல் ஏறியவர்கள். நம் பாட்டன்மார் வெட்டிய பாலில் டயர் செய்து உலகம் உருண்டது. அந்த டயர் மாட்டிய வண்டியில் பேரன் தெருவுக்குள் வந்தால் கல் விழுகிறது.

1934 பிப்ரவரியில் காந்தி தன் ஹரிஜனப் பயணத்தில் புதுச்சேரிக்கு வந்தார். சாதி இந்துக்களின் மனம் திருந்த வேண்டும் என்பது அவர் வழி. இரண்டே வருடத்தில், 1936இல், அம்பேத்கர் 'சாதியை அழித்தொழித்தல்' உரையை வெளியிட்டார். நால்வருணச் சட்டகத்தை வைத்துக்கொண்டே கோணலை மட்டும் எடுக்க முடியாது என்பது அவர் முடிவு. அதே 1936இல் ஜூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்துறை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை வந்தது. ஆலை வாசலில் ஒன்றாக நின்றவர்கள் வேலை முடிந்து ஊருக்கும் சேரிக்குமாகப் பிரிந்து போனார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இன்னொரு தேதியும் முக்கியம். 1954 அக்டோபர் 3 அன்று வானொலி உரையில் அம்பேத்கர், தன் தத்துவம் அந்த மூன்று சொற்களில் அடங்கும் என்றும், அவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிடமிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றேன் என்றும் விளக்கினார். பதினைந்து நாள் கழித்து, அக்டோபர் 18 அன்று, கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. கொடியும் தெருப்பெயர்களும் மாறின. அந்த மூன்று சொற்கள் இந்திய அரசமைப்பின் முகப்புரையில் ஏற்கெனவே நமக்காகக் காத்திருந்தன.

சட்டத்தில் எழுதப்பட்ட பைக்

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது சொன்னால், சமீபத்திய தேதிகளையும் சொல்லுங்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது, கைதும் நடந்தது. பைக்கின் விலையைவிட, அதன் மேல் யார் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அவர்களை உறுத்துகிறது.

இந்த உறுத்தலைச் சட்டம் பெயர் சொல்லியே குறித்திருக்கிறது என்பது நம் இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3(1)(za)(B) பிரிவைப் படியுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, காலணியோ புத்தாடையோ அணிவதை, திருமண ஊர்வலத்தில் குதிரையிலோ வாகனத்திலோ போவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை, அபராதமும் உண்டு. 1873இன் காலணியும் 1893இன் வண்டியும் ஒரே பிரிவில் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த வரி எவருடைய கருணையாலும் வந்ததில்லை. அடி வாங்கிய ஒவ்வொரு ஊரிலிருந்தும் நம் இயக்கங்கள் எழுதிக்கொடுத்த அறிக்கைகளால் வந்தது.

ஆகவே, உங்கள் வண்டிக்கோ உங்கள் தோழரின் வண்டிக்கோ இப்படி நேர்ந்தால்:

உடம்பில் அடி இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. விபத்துப் பதிவேட்டில் நடந்ததை நடந்தபடி பதியச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு "விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள்.

வண்டியைப் பட்டறைக்கு விடுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். கிடந்த இடம், கல், ரிம்மின் இரு பக்கமும், டயர், கம்பிகள்.

புகாரில் தெருவின் பெயர், நேரம், சொன்ன சொற்கள் எல்லாம் எழுதுங்கள். வண்டியைச் சேதப்படுத்தியது பாரதிய நியாய சன்ஹிதா 324இன் கீழ் தனிக் குற்றம். அதோடு மேலே சொன்ன வன்கொடுமைப் பிரிவையும் கேட்டுப் பெறுங்கள்.

"முதலில் விசாரிக்கிறோம், பிறகு பதிவு செய்கிறோம்" என்றால், 2018இல் சேர்க்கப்பட்ட 18A பிரிவைக் காட்டுங்கள். முதல் தகவல் அறிக்கைக்கு முன்விசாரணை தேவையில்லை. அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. கடமை தவறும் அதிகாரிக்கு 4ஆம் பிரிவு இருக்கிறது. விசாரணை அதிகாரி டிஎஸ்பி தகுதிக்குக் குறையக் கூடாது.

மகஜரில் சேதமடைந்த பாகம் குறிக்கப்பட்ட பிறகே கழற்றுங்கள். கழற்றிய ரிம்மை இரும்புக் கடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.

நம் தம்பியின் புகாரைப் பதிவு செய்ய இரண்டு நாள் அலைய வேண்டியிருந்தது. "சின்னப் பசங்க பிரச்சனை, ரிம்முக்கு உண்டான காச வாங்கித் தர்றோம், போயிடுங்க" என்று சமரசம் பேசினார்கள். கம்பியைத் திருகிக் கோணலை மறைத்து, வண்டியை மறுபடி ரோட்டில் விடுகிற வேலை அது. மடிப்பு விழுந்த ரிம்மை அப்படி விட்டால், அடுத்த பள்ளத்தில் உயிர் போகும். தம்பியின் அம்மாதான் முதலில் வேண்டாமென்று தலையாட்டினார். "காசு வேணாங்க. எம்புள்ள அந்தத் தெருவுல போவணும்" என்றார். மூன்றாம் நாள் வழக்கு பதிவானது.

மகஜர் முடிந்த பிறகு மெக்கானிக் அண்ணன் புது ரிம் போட்டார். பழைய ஹப், புதுக் கம்பிகள் முப்பத்தாறு. பாதி உள்ளிருந்தும் பாதி வெளியிலிருந்துமாகப் பின்னி, சாக்பீஸ் வைத்துச் சுற்றிச் சுற்றி, மாலை வரை உட்கார்ந்தார். கூலியில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "புது ரிம்முன்னு அப்படியே வுட்டுடாத. ஓட ஓடக் கம்பி எளகும். ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுக் கொண்டா, மறுபடி இறுக்கித் தர்றேன். ஒரு கம்பி எளகிச்சுன்னா பக்கத்துக் கம்பி அறுக்கும்."

1745இல் இடிந்த சுவர், 1924இன் அரசாணை, 1954இன் வாக்கெடுப்பு, 2015இன் திருத்தம் எல்லாமே அப்படித்தான். போட்டுவிட்டு வந்துவிட்டால் இளகிவிடும். அந்தப் பழைய ரிம் இப்போது நம் வாசிப்பு வட்ட அறையின் சுவரில் தொங்குகிறது. வழக்குக்குக் கேட்கும்போது எடுத்துப் போவோம். போன ஞாயிற்றுக்கிழமை தம்பி அந்தத் தெரு வழியாகவே வண்டியில் வந்தார். அவருக்கு முன்னும் பின்னும் நாங்கள் பதினோரு வண்டிகள்.

ஜெய்பீம்.